ஜவ்வரிசியின் விலை சேலத்தில் முடிவாகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டம் முன்னேற என்ன தொழில் வேண்டும் என்று தங்கள் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒருவர் கணினிப் பூங்கா கேட்கிறார். இன்னொருவருக்குக் கார் தொழிற்சாலை வேண்டும். வேறொருவர் விமானங்கள் அதிகமாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வரட்டும். வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் எல்லோரும் வெளியிலிருந்து வரவேண்டியதைப் பற்றியே எழுதுகிறார்கள். தலைவாசல் பக்கம் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறோமே, அந்தப் புளித்த வாடைக்குப் பின்னால் எண்பது வருடத் தொழில் ஒன்று நடந்துகொண்டிருப்பதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

நான் ஆத்தூர் வட்டத்தில் ஒரு சிறு சேகோ ஆலையின், அதாவது ஜவ்வரிசி ஆலையின், கணக்கை எழுதுகிறவள். ஆலை எங்கள் குடும்பத்தினுடையது. மாமனார் தொடங்கினார், கணவர் நடத்துகிறார், கொழுந்தனார் லாரியையும் ஆள்களையும் பார்த்துக்கொள்கிறார், பேரேடு என் கையில். கிழங்கு வாங்கிய பணமும் மூட்டை விற்ற பணமும் என் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த இடத்தில் பணம் ஊருக்குள் நிற்கிறது, எந்த இடத்தில் ஊரைவிட்டு ஓடுகிறது என்பது அந்த நாற்காலியிலிருந்து நன்றாகவே தெரிகிறது.

இந்தத் தொழிலை எந்தத் திட்டமும் போட்டு யாரும் இங்கே கொண்டுவரவில்லை. இரண்டாம் உலகப் போரில் கடல்வழி அடைபட்டு, மலேயாப் பக்கமிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. அந்தச் சமயத்தில், 1943 வாக்கில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் இந்தத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷா என்பவரும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுத்து உருட்டிப் பார்த்தார்கள். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது, கைக்குக் கை பரவியது. கேரளத்தில் நம்மைவிட மரவள்ளி அதிகம் புழங்கியது உண்மைதான். ஆனால் அங்கே அது சோற்றுக்கு இணையான உணவு, தட்டுக்குப் போய்விடும். நம்மிடம் இருந்தது வெயில். ஜவ்வரிசிக்கு முக்கியமான மூலப்பொருள் எது என்று என் மாமனாரைக் கேட்டால், கிழங்கு என்று சொல்ல மாட்டார், களம் என்பார்.

அந்தக் களத்தைத் தங்கள் நிருபர் ஒருவர் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும். விடியுமுன் லாரி வந்து நிற்கும். கிழங்கின் தோலை உரித்துக் கழுவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் பால் ஒரு பக்கமும் சக்கை ஒரு பக்கமும் பிரியும். பால் தொட்டியில் மணிக்கணக்கில் தெளிய வேண்டும். மேல் தண்ணீரை வடித்துவிட்டால் அடியில் மாவு கட்டியாக நிற்கும். அதை வெட்டி எடுத்து உதிர்த்து, குலுக்கிக் குலுக்கி மணியாக்குவார்கள். முன்பு துணியைத் தூளிபோலக் கட்டி இரண்டு பேர் நின்று ஆட்டுவார்கள், இப்போது இயந்திரம் ஆட்டுகிறது. பிறகு சூட்டில் வறுக்க வேண்டும், அல்லது ஆவியில் வேகவைக்க வேண்டும். அதன்பின் சிமெண்ட் களத்தில் வெயில். பெண்கள் காலால் சால் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒரு பக்கம் காய்ந்து மறு பக்கம் ஈரமாக நின்றால் மூட்டையில் போட்ட பிறகு பூசணம் பிடிக்கும். மேற்கே மேகம் கறுத்தால் கணக்கு எழுதுகிற நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயை இழுக்க ஓடுவேன். நாலைந்து டன் கிழங்கை இப்படிப் படுத்தி எடுத்தால் ஒரு டன் ஜவ்வரிசி கிடைக்கும். மிச்சமாகும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதையும் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிடுவோம். எதுவும் வீணாவதில்லை, தண்ணீரைத் தவிர. தண்ணீரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இத்தனையும் செய்து நாம் சாப்பிடுவது என்ன? பண்டிகைக்கு ஒரு பாயசம், கோடையில் கொஞ்சம் வடாம். மூட்டைகளில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், ராஜஸ்தான், மேற்கு வங்கம் என்று போகிறது. ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் நவராத்திரிக்கும் அவர்கள் அரிசி கோதுமையைத் தொடாமல் ஜவ்வரிசிக் கிச்சடி உண்கிறார்கள். அவர்கள் நோன்பிருந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும். எங்கள் ஆலையில் இப்போது களத்தில் வேலை செய்கிறவர்களில் சிலர் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள்; தங்கள் ஊர் விரதத்துக்கான பண்டத்தை இங்கே வந்து காயவைத்துக் கொடுக்கிறார்கள். இது ஒரு வேடிக்கை, போகட்டும்.

வாங்குகிறவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதில் தவறில்லை. விலையையும் அவரே அங்கே உட்கார்ந்து முடிவு செய்தால்தான் சிக்கல். 1981க்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. மூட்டை லாரியில் ஏறி வடக்கே போய்ச் சேர்ந்த பிறகு தகவல் வரும்: நிறம் மட்டம், மணி உடைந்திருக்கிறது, இவ்வளவு தள்ளுபடி. திருப்பி அனுப்புங்கள் என்றால் லாரி வாடகை யார் தருவது? வாயை மூடிக்கொண்டு கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அதற்குத்தான் அந்த ஆண்டில் ஆலைக்காரர்கள் சேர்ந்து தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சேகோசர்வ் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சேலம் உருக்காலையும் உற்பத்தியைத் தொடங்கியது. வெளியூர் உறவினர் வந்தால் உருக்காலை இருக்கும் திசையைக் கைகாட்டுகிறோம். ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கும் சங்கக் கிடங்கை யாரும் காட்டுவதில்லை. கிராமத்துக்குக் கிராமம் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தக் கிடங்கின் பங்கு பெரிது என்பது என் எண்ணம். உருக்காலைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சங்கம் செய்தது எளிய காரியம். 90 கிலோ மூட்டைகள் கிடங்குக்கு வரும். மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து விலையை டெண்டரில் எழுதுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. விலை கட்டுப்படியாகவில்லையா, மூட்டை கிடங்கிலேயே இருக்கட்டும். அதன் பேரில் முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த நாள் கிழங்கை அரைக்கலாம். ஜவ்வரிசி கெடாத பண்டம். அது காத்திருக்கும். காத்திருக்க முடிந்தவனிடம்தான் பேரம் பேசப் பயப்படுவார்கள். சங்கம் கொடுத்தது அந்தக் காத்திருக்கும் வசதியைத்தான். இதற்குப் பெரிய முதலீடோ வெளிநாட்டு நிறுவனமோ தேவைப்படவில்லை. கூரை போட்ட கிடங்கு, நேர்மையான தராசு, ஒரு பரிசோதனைக் கூடம், மூடிய டெண்டர், அவ்வளவுதான்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் ஏன் மூட்டைகள் சங்கத்துக்குப் போகாமல் பின்வாசல் வழியாக வெளியே போகின்றன? அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் எங்களைக் கேட்கும் கேள்வி இது. வரி ஏய்ப்பு என்பார்கள், பேராசை என்பார்கள். அப்படிச் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேரேட்டைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். சங்கம் முன்பணம் கொடுப்பது மூட்டை கிடங்குக்கு வந்த பிறகு. எங்களுக்குப் பணம் தேவைப்படுவது மூட்டை உருவாவதற்கு முன்னால், கிழங்கு வெட்டுத் தொடங்கும் பருவத்தில். அப்போது விவசாயிக்கும் லாரிக்கும் ஆள்களுக்கும் ரொக்கம் வேண்டும். வங்கி நிலப்பத்திரம் கேட்கும். பத்திரம் ஏற்கெனவே வங்கியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் வெளியூர் வியாபாரியின் ஆள் வந்து, வட்டி என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் பணம் தருவார். வட்டி விலையில் கழியும். ஜவ்வரிசி களத்துக்கு வருமுன்னரே அவருடையதாகிவிட்டது. சங்கத்துக்கு அனுப்ப எங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

ஆகவே, மாவட்டத் தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த இடத்தில் போடுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. சென்ற ஆண்டு ஓர் ஆலை சங்கத்தின் வழியாக எத்தனை மூட்டை விற்றது என்பது சங்கத்தின் ஏட்டில் இருக்கிறது. அதையே பிணையாக வைத்துக் கூட்டுறவு வங்கி பருவத் தொடக்கத்தில் நடைமுறை மூலதனம் கொடுக்கட்டும். மூட்டை விற்ற பணத்திலிருந்து சங்கமே தவணையைப் பிடித்துக் கட்டிவிடலாம். நிறைய விற்றவருக்கு அதிகக் கடன். பின்வாசலில் விற்றவருக்கு ஏட்டில் கணக்கு இல்லை, எனவே கடனும் இல்லை. சோதனைச் சாவடி போட்டு லாரியை மடக்குவதைவிட இது வேலை செய்யும்.

வெளியே விற்பதில் இன்னொரு துன்பம், வராமல் நிற்கும் பணப் பாக்கி. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வட்டியோடு கேட்கலாம், புகார் கொடுக்க மன்றமும் இருக்கிறது. எங்கள் சரக்கை எடுத்த வடக்கத்திய வணிகர் ஒருவர் இரண்டு பண்டிகை கழிந்த பிறகும் பணம் அனுப்பாமல், நிறம் பழுப்பு என்று காரணம் சொன்னார். புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். கணவர் சிரித்தார். அடுத்த பருவத்துக்கு அவர்தான் முன்பணம் தர வேண்டும் என்றார். நாளைக்கும் அவரிடமே போய் நிற்கவேண்டியவன் கையில் எந்தச் சட்டத்தைக் கொடுத்து என்ன பயன்?

இனி, எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்ல வேண்டும். ஆலைக்காரர் வீட்டுப் பெண் இதை எழுதலாமா என்று எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

வியாபாரி எங்களுக்குச் செய்வதை நாங்கள் விவசாயிக்குச் செய்கிறோம். மரவள்ளி ஏறத்தாழ பத்து மாதப் பயிர். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. உள்ளே நீலம் ஓடிவிடும், மாவும் இறங்கிவிடும். ஜவ்வரிசி காத்திருக்கும் என்றேனே, கிழங்கு காத்திருக்காது. லாரி ஆலை வாசலுக்கு வந்த பிறகு விவசாயியால் அதைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. அங்கேதான் பாயிண்ட் பார்க்கிறார்கள். கிழங்கைக் காற்றில் ஒருமுறையும் தண்ணீருக்குள் ஒருமுறையும் எடை போட்டால், மாவுச்சத்து எவ்வளவு என்று ஒரு கணக்கு வரும். அதுதான் பாயிண்ட். விலை டன்னுக்கு அல்ல, பாயிண்டுக்கு. ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்குக்கு டன்னுக்கு 8,400 ரூபாய். அதையே 26 என்று எழுதினால் 7,800. பத்து டன் ஏற்றி வந்தவருக்குப் பேனாவின் ஓர் அசைவில் 6,000 ரூபாய் போய்விடும். எந்தக் கிழங்கைக் கூடையில் எடுப்பது, மண்ணைத் தட்டினார்களா, தராசின் முள் நின்ற பிறகு படித்தார்களா என்பதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? வாசலில் நிற்கும் விவசாயிக்குத் தராசு முதுகைத்தான் காட்டும். எங்கள் ஆலையில் தராசைத் திருப்பி வைக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்து ஆலைக்காரர், உங்களால் எங்களுக்கும் கெட்ட பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொல்லிமலையிலிருந்தும் கல்வராயன்மலையிலிருந்தும் இறங்கி வரும் கிழங்கின் கதை இன்னும் மோசம். மலைக்கு மேலேயே தரகர் கணக்கை முடித்துவிடுவார். அங்கே தராசே கிடையாது, கண்ணளவுதான். பத்து மாதம் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவருக்கு, தன் கிழங்கில் எத்தனை பாயிண்ட் இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் என்று முத்தரப்புக் கூட்டம் நடக்கிறது. ஒரு விலை பேசப்படும், மறுநாள் செய்தித்தாளிலும் வரும். அந்த விலை பாயிண்டுக்கு என்பதால், பாயிண்டைக் குறைத்துவிட்டால் விலை தானாக இறங்கிவிடும். கூட்டத்தில் தேநீர் குடித்த எல்லோருக்கும் இது தெரியும்.

இதற்கு வழி, வெட்டுப் பருவத்தில் வட்டாரத்துக்கு ஒன்றாகப் பொதுத் தராசு வைப்பது. வேளாண்மை உற்பத்தியாளர் குழுவிடமோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திடமோ ஒப்படைக்கலாம். விவசாயி, பிடுங்குவதற்கு முந்தைய நாள் வயலில் சில செடிகளை மட்டும் எடுத்துவந்து பாயிண்ட் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டை வைத்து ஆலைகளிடம் விலை பேசட்டும். செடி மண்ணுக்குள் இருக்கும்வரை அவராலும் காத்திருக்க முடியும். 1981இல் எங்களுக்குக் கிடங்கு செய்த உதவியை அவருக்கு மண் செய்யும். இதில் ஆலைக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. எங்கள் சுற்றுப்புறத்தில் மரவள்ளியை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்குப் போனவர்களின் பெயர்களை என் பழைய பேரேட்டில் காட்ட முடியும். கிழங்கு இல்லாத ஆலை வெறும் தொட்டிதான்.

விவசாயி விட்டுப்போக விலை மட்டும் காரணமில்லை. 2020ஆம் ஆண்டு கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி இங்கேயும் பரவி, நுனிக் குருத்தெல்லாம் முறுக்கிக்கொண்டு கொத்தாக நின்றதை நாங்கள் பார்த்தோம். மருந்தடித்துக் கட்டுப்படியாகவில்லை. அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்றை வேளாண் விஞ்ஞானிகள் கொண்டுவந்து, பெருக்கி, 2022இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விடத் தொடங்கினார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். விவசாயிக்குச் செலவில்லை. தொழில் வளர்ச்சி என்ற தலைப்பில் யாரும் இதை எழுத மாட்டார்கள். ஆனால் எங்கள் தொட்டிகள் நிறைவதற்கு இந்த வேலை எந்த மானியத்துக்கும் குறைந்ததல்ல. ஏத்தாப்பூருக்கு ஆளும் பணமும் கூடுதலாகக் கொடுத்து, நோயில்லாத விதைக்குச்சியை ஊருக்கு ஊர் கிடைக்கச் செய்தால் போதும்; பாதிக் கவலை தீரும்.

கலப்படத்துக்கு வருகிறேன். கிழங்கு தட்டுப்பாடான காலத்தில் மக்காச்சோள மாவைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பால்போல வெள்ளையாக இருந்தால்தான் வடக்கே விலை என்பதால் வெளுப்பதற்கு ரசாயனம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ஆலைகளில் சோதனை செய்கிறது. மூட்டைகளைப் பறிமுதல் செய்த படம் செய்தித்தாளில் வரும். ஒழுங்காகச் செய்கிறவர்களின் சரக்குக்கும் அந்த வாரம் விலை இறங்கும். தோலை நன்றாக உரித்து, நல்ல தண்ணீரில் தெளியவைத்த ஜவ்வரிசி சற்று மங்கிய வெண்மையில்தான் இருக்கும். அதுதான் அதன் நிறம் என்று வாங்குகிறவருக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

சொல்வதற்கு ஒரு கருவி கையில் இருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடித்தோம், இனிப்புக் கொடுத்தோம். அதன் பிறகு எங்கள் மூட்டையில் என்ன மாறியது என்று கேட்டால், ஒன்றுமில்லை. குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் விலை ஏறாது. சங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் தேறிய மூட்டைக்கு மட்டும் குறியீட்டு முத்திரை, முத்திரையில் எண், அந்த எண்ணைக் கொண்டு எந்த ஆலை, எந்த நாள், என்ன பரிசோதனை முடிவு என்று இந்தூரில் இருக்கும் கடைக்காரரும் பார்க்கலாம் என்று செய்தால்தான் அது குறியீடு. முத்திரை இல்லாத சரக்கைச் சேலம் ஜவ்வரிசி என்று விற்கிறவர் மீது வழக்குத் தொடுக்கவும் சங்கத்துக்குத் துணிவு வேண்டும். அப்போது பழுப்பு என்று சொல்லித் தள்ளுபடி கேட்பவரிடம் சீட்டை நீட்டலாம்.

முத்திரை போட்டதையும் 90 கிலோ மூட்டையாகவேதான் அனுப்ப வேண்டுமா? எங்கள் ஊர் மளிகைக் கடையில் அரைக் கிலோப் பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பாக்கெட் போட்ட முகவரி வேறு மாநிலமாக இருப்பது அபூர்வமில்லை. நம் களத்தில் காய்ந்தது வடக்கே போய்ப் பை மாற்றிக்கொண்டு நம் கடைக்கே திரும்பி வருகிறது. எங்கள் தெருவில் வடாம் போடும் மகளிர் குழு, கூப்பிடு தூரத்தில் ஆலை இருக்க, அந்தப் பாக்கெட்டைத்தான் சில்லறை விலைக்கு வாங்குகிறது. சங்கத்தில் டெண்டர் எடுக்க அவர்களிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. பத்துக் கிலோ, இருபத்தைந்து கிலோவாகச் சங்கமே அன்றைய டெண்டர் விலைக்கு உள்ளூர்க் குழுக்களுக்குக் கொடுத்தால் என்ன? பாக்கெட் போடும் வேலையையும் அவர்களுக்கே கொடுக்கலாம். தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற திட்டங்களைவிட இது அவர்களுக்குச் சோறு போடும்.

உள்ளூரிலேயே வாங்குவதற்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். ஜவ்வரிசியாக உருட்டாமல் மாவாகவே விற்பதும் உண்டு. குமாரபாளையம், பள்ளிபாளையம், சேலம் விசைத்தறிகளில் பாவுக்குக் கஞ்சி போட மாவு வேண்டும். அட்டைப்பெட்டி ஒட்டும் பசைக்கு வேண்டும். காகித ஆலைக்கு வேண்டும். பண்டிகை தள்ளிப்போனால் ஜவ்வரிசி விலை சரியும். தறி அப்படி நாள் கிழமை பார்க்காது. தறிக்காரர்களின் சங்கமும் எங்கள் சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஆண்டுக்கு இவ்வளவு மாவு, இந்தத் தரம் என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் இடைத்தரகு மிச்சம். இரண்டு சங்கங்களும் ஒரே துறையின் கீழ் இல்லை என்பதால் இது நடப்பதில்லை என்று ஓர் அதிகாரி விளக்கம் சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை.

ஜவ்வரிசியைப் பள்ளிச் சத்துணவில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் தரப்பிலேயே ஒரு கோரிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜவ்வரிசியில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. வளரும் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் கொடுக்கட்டும். எங்கள் மூட்டை விற்பதற்காகக் குழந்தைகளின் தட்டில் கைவைக்கக் கூடாது.

தண்ணீர் விஷயம். கிழங்கு கழுவிய தண்ணீரும் மாவு வடித்த தண்ணீரும் புளித்து நாறும். ஓடையில் விட்டால் பக்கத்துக் கிணறு கெடும். கெட்டும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு மாவட்டத்தின் பெருமை என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தண்ணீரை மூடிய தொட்டியில் அடைத்து எரிவாயு எடுக்கும் முறை வந்துவிட்டது. பெரிய ஆலைகள் பல அமைத்துக்கொண்டன. விறகுச் செலவும் மிச்சம், நாற்றமும் குறைந்தது. எங்களைப் போன்ற சிறு ஆலைகளுக்குத் தனித்தனியாக அமைக்க வசதியில்லை. நாலைந்து ஆலைகள் சேர்ந்து ஒரே கலன் அமைக்கக் கடன் கேட்டால், விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் எழுத ஒரே கட்டம்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். படிவத்தில் இன்னும் நாலு கட்டம் போடுவதற்கு எந்த முதலீட்டாளர் மாநாடு தேவை?

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் திப்பியையும் தார்ப்பாயையும் எடுத்துவிடுங்கள். பாயிண்ட் தராசு பற்றிய பகுதியில் மட்டும் கைவைக்க வேண்டாம்; கிழங்கு வெட்டு தொடங்குமுன் அது அச்சில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சேகோ ஆலைக் கணக்கு எழுதும் வாசகி,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.